ஆட்டோமேட்டிக்குக் காய்ச்சல் வந்தால்…

கோடை விடுமுறைக்கு மலையேறிய பழைய ஆட்டோமேட்டிக் கார்கள் பலவும் இறங்கி வந்ததும் நேராகப் பட்டறைக்குத்தான் போயிருக்கின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டறை வாசலில் உட்கார்ந்து எழுதியவை. அதனால் இந்த இதழின் கேள்வி-பதில் முழுவதும் கியர்பாக்ஸ் சூட்டுக்கே.

● பதினான்கு வயது ஆட்டோமேட்டிக் கார். ஏற்காடு ஏறும்போது பதினைந்தாவது வளைவில் கருகல் வாடை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின்தான் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. வயதாகிவிட்டதா?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்*

வயதாகவில்லை அம்மா, காய்ச்சல்.

இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றுக்கு மட்டும் சுவிட்ச் போடுங்கள். அதன் காற்றிலேயே மற்றதும் சுற்றும். மேனுவல் காரில் கிளட்ச் இருக்கும் இடத்தில், உங்கள் காரில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதன் வேலையும் இதுதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் கப்பல்களை மனதில் வைத்துக் காப்புரிமை வாங்கிய யோசனை இது. இன்ஜின் பக்கத்து விசிறி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற, கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி 1,500 சுற்றினால், நடுவில் தொலைந்த சக்தி எண்ணெயில் சூடாக இறங்கும். சமதளத்தில் வேகம் பிடித்ததும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அந்தச் சூடு அடங்கிவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தப் பிடிக்கு நேரமே கிடைப்பதில்லை.

சூடான எண்ணெய் நீர்த்துப்போகும். அழுத்தம் குறையும். உள்ளே இருக்கும் கிளட்ச் ப்ளேட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. நீங்கள் முகர்ந்த வாடை அதுதான். எண்ணெயையும் கூலரையும் பார்க்காமல் அடுத்த முறை மலைப்பக்கம் திரும்பாதீர்கள்.

● எத்தனை டிகிரி வரை தாங்கும்?
*பொறியியல் மாணவர், காரைக்குடி*

எண்ணெய் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நிம்மதி. 120-ஐத் தாண்டினால் எண்ணெய் கெட்டு, உள்பாகங்களில் வார்னிஷ் போலப் படியத் தொடங்கும், ரப்பர் சீல்கள் இறுகும். 150-ஐ நெருங்கினால் ப்ளேட்டுகளே கருகும். தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 80-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும். அதாவது 113 டிகிரியிலேயே ஓடும் எண்ணெய்க்கு எட்டில் ஒரு பங்கு ஆயுள்தான் மிச்சம்.

● டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. அப்புறம் எப்படி கியர்பாக்ஸ் சூடாகும்?
*மளிகைக் கடைக்காரர், மதுரை*

அந்த முள் இன்ஜின் கூலன்ட்டுக்கு மட்டும் சாட்சி சொல்லும். பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் கியர்பாக்ஸுக்குத் தனி முள் கிடையாது. இன்ஜின் சரியாக இருக்கும்போதே கியர்பாக்ஸ் கொதித்துக்கொண்டிருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போய், கியர் எண்ணெயின் வெப்பத்தை ஓடும்போதே காட்டச் சொல்லுங்கள். பி0218 என்ற பிழைக் குறியீடு (கோடு) பதிவாகியிருந்தால், எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானதை வண்டியே ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

● எண்ணெயை நானே பார்க்க முடியுமா?
*வங்கி ஊழியர், திருச்சி*

டிப்ஸ்டிக் இருந்தால் முடியும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பத்து கிலோமீட்டராவது ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டுப் பார்க்கிங்கில் போடுங்கள். பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டா கார்களில் இன்ஜினை நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். உங்கள் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே சட்டம்.

டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை வேட்டித் துணியில் விடுங்கள். தெளிந்த சிவப்பாகப் பரவினால் நலம். சுக்குக் காபி நிறம் என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. சொட்டின் நடுவில் கறுப்புப் புள்ளி தங்கி, சுற்றிலும் மங்கிய வளையம் பரவி, மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை அடித்தால் ப்ளேட்டுகள் தேய்ந்து எண்ணெயில் கலந்திருக்கின்றன. அளவு குறைந்தாலும் சூடு, கூடினாலும் சூடு. கூடுதல் எண்ணெயை உள்ளே சுற்றும் பற்சக்கரங்கள் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் அழுத்தம் கொடுக்க முடியாது.

● ஒரு மெக்கானிக் 'இது ஆயுளுக்கும் போதுமான எண்ணெய், தொடவே வேண்டாம்' என்கிறார். இன்னொருவர் 'பழைய எண்ணெயை மாற்றினால் கியர் விழாது' என்கிறார். யார் சொல்வது சரி?
*நூல் வியாபாரி, கோவை*

இருவரும் பாதி சொல்கிறார்கள்.

'ஆயுள்' என்று தயாரிப்பாளர் சொல்வது எண்ணெயின் ஆயுளை. நீங்கள் நினைப்பது காரின் ஆயுளை. நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் 40,000 முதல் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது பாதுகாப்பு.

இரண்டாமவர் பயப்படுவதற்கும் காரணம் உண்டு. ப்ளேட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கும் பாக்ஸில், புது எண்ணெய் ஊற்றிய சில நாளில் வண்டி நின்றுபோவது நடக்கிற கதைதான். ஆனால் அங்கே பாக்ஸ் முன்பே போய்விட்டது, புது எண்ணெய் மேல் பழி விழுகிறது.

ஆகவே கணக்கு இது. கியர் ஒழுங்காக விழுகிறது, எண்ணெய் மட்டும் பழசு என்றால் மாற்றுங்கள். அழுத்தம் கொடுத்துக் கழுவும் இயந்திரத்தை 1,00,000 கி.மீ. தாண்டிய, ஒருமுறைகூட எண்ணெய் மாற்றாத பாக்ஸில் மாட்டவேண்டாம். அடைப்பானைத் திறந்து வடியவிட்டு, வடிந்த அளவுக்குப் புதிதை ஊற்றினால் போதும். இப்படி வடித்தால் மொத்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் வெளியே வரும், மிச்சம் கன்வெர்ட்டருக்குள் தங்கும். அதனால் சில வாரம் ஓட்டிவிட்டு இரண்டாம் முறையும் செய்யுங்கள். ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். டொயோட்டாவுக்கு டி-4, டபிள்யூ.எஸ். என்றும், ஹோண்டாவுக்கு டி.டபிள்யூ-1 என்றும், ஹூண்டாய்க்கு எஸ்.பி-3, எஸ்.பி-4 என்றும் தனித்தனி வகைகள். ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் மாறும். சி.வி.டி. பாக்ஸில் சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெய் ஊற்றினால் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை வழுக்கிக் கீறல் விழும், அதோடு பாக்ஸ் முடிந்தது.

● கியர் எண்ணெய் ஏன் சிவப்பு?
*பள்ளி மாணவி, தஞ்சாவூர்*

இன்ஜின் எண்ணெயோடு குழம்பக் கூடாதென்று சேர்த்த சாயம், கண்ணே. வண்டிக்கு அடியில் சொட்டினால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இன்னொரு சேதியும் கேள்: 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்த எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். சூட்டைத் தாங்கும் குணம் அதற்கு இருந்தது. திமிங்கிலங்களைக் காக்கச் சட்டம் வந்த பிறகுதான் வேதியியலாளர்கள் மாற்று கண்டுபிடித்தார்கள்.

● ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ரோஸ்மில்க் மாதிரி நுரை. கியர் டிப்ஸ்டிக்கிலும் அதே. என்ன செய்வது?
*விவசாயி, கோவில்பட்டி*

இன்ஜினை நிறுத்துங்கள் ஐயா. பட்டறைக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர், பல கார்களில் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே ஒரு சிறு குழாயாக இருக்கும். அந்தக் குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடும். கியர்பாக்ஸ் ப்ளேட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாள் பசையால் நிற்பது. தண்ணீர் பட்டால் பசை விடும், தாள் உரியும். ஓட்டிய தூரம் குறைவாக இருந்தால் புது ரேடியேட்டர் போட்டு, எண்ணெயைப் பலமுறை மாற்றிப் பாக்ஸைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. தூரம் கூடினால் பாக்ஸைத் திறந்தே ஆகவேண்டும்.

அரித்தது எதனால்? போர் தண்ணீர். உங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அது குழாய்க்குள் பொருக்காகப் படிந்து சூட்டை வெளியே விடாது, உலோகத்தையும் தின்னும். கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். ஒரு கேன் தண்ணீரை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு கியர்பாக்ஸைக் கொடுக்க வேண்டாம்.

● போன மாதம் ரேடியேட்டர் மாற்றினோம். அதிலிருந்துதான் கியர்பாக்ஸ் சூடாகிறது. சம்பந்தம் உண்டா?
*தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர், வாணியம்பாடி*

நிச்சயம் உண்டு. இன்றே பானெட்டைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டரின் கீழேயோ பக்கத்திலோ இரண்டு மெல்லிய குழாய்கள் கியர்பாக்ஸிலிருந்து வந்து சேர வேண்டும். அதே மாடலின் மேனுவல் வண்டிக்கான ரேடியேட்டரில் அந்தக் கூலர் இருக்காது. விலை குறைவு என்று அதை மாட்டிவிட்டு, இரண்டு குழாய்களையும் ஒரு ரப்பர் துண்டால் ஒன்றோடொன்று இணைத்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் ஒழுகல் இல்லை, சுத்தமான வேலை. உள்ளே எண்ணெய் குளிராமலே திரும்பிப் போகும். எங்கள் குடும்ப வண்டியிலும் இதுவே நடந்தது. அந்த ரப்பர் துண்டைக் கண்டுபிடிக்கும்வரை இரண்டு முறை எண்ணெய் மாற்றினோம், ஒரு சென்சரும் மாற்றினோம். எதுவும் பலிக்கவில்லை.

● சிக்னலில் நியூட்ரல் போட்டால் சூடு குறையுமா?
*ஐ.டி. ஊழியர், சென்னை*

ஒரு நிமிட சிக்னலுக்கு 'டி'யிலேயே பிரேக் போதும். பத்து நிமிட ரயில்வே கேட்டுக்குப் பார்க்கிங். மேம்பாலச் சரிவில் நிற்கும்போது மட்டும் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். சக்கரம் அசையாமல் இன்ஜின் வேகமாகச் சுற்றும் ஒவ்வொரு நொடியும் முழுச் சூடு. சரிவில் நிற்கப் பிரேக் இருக்கிறது.

● என் காருக்கு கியர் டிப்ஸ்டிக்கே இல்லை. ஏ.எம்.டி. என்கிறார்கள். இதற்கும் இதே வைத்தியமா?
*செவிலியர், கடலூர்*

இல்லை. 2014-ல் செலேரியோ மூலம் நம் சாலைக்கு வந்த ஏ.எம்.டி., உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு இயந்திரக் கை மிதிக்கிறது. அதில் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது, சூடாவது கிளட்ச் தட்டு. டி.எஸ்.ஜி. எனப்படும் இரட்டைக் கிளட்ச் பாக்ஸின் ஏழு கியர் உலர் கிளட்ச் வகைக்கும் நெரிசலில் இதே தொல்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து: முன்வண்டி நகர்ந்ததும் அங்குலம் அங்குலமாக ஊர்ந்துபோகாமல், ஒரு வண்டி நீளம் இடைவெளி விழுந்ததும் ஒரே மூச்சில் நகருங்கள். கிளட்ச் பாதி பிடித்த நிலையில் இருக்கும் நேரம்தான் அதைத் தின்கிறது.

● கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு றம்பொடை வழியாக அடிக்கடி போகிறேன். ஜப்பானில் ஓடி வந்த பழைய ஆட்டோ கியர் கார். ஏற்றத்தில் மூன்றுக்கும் நாலுக்கும் மாறி மாறி விழுகிறது.
*தேயிலைத் தோட்ட அலுவலர், கண்டி*

கியர் கம்பின் பக்கத்தில் ஓ.டி. என்ற பொத்தான் இருக்கும். ஏற்றம் தொடங்கியதும் அதை அழுத்தி 'ஓ.டி. ஆஃப்' விளக்கை எரியவிடுங்கள். வண்டி நாலாவது கியரை மறந்து மூன்றிலேயே நிற்கும். மாறி மாறி விழும் ஒவ்வொரு முறையும் ப்ளேட்டுகள் உரசும், சூடு ஏறும். வளைவுகள் நெருங்கினால் கம்பை இரண்டில் வையுங்கள். இன்ஜின் சத்தம் கூடுகிறதே என்று பயம் வேண்டாம், அதோடு எண்ணெய்ப் பம்பும் வேகமாகச் சுற்றி அதிக எண்ணெயைக் கூலருக்கு அனுப்பும். ஏ.சி.யை அணைத்தால் ரேடியேட்டருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். இறங்கும்போதும் இதே கியர்தான். நியூட்ரலில் இறங்குவது உயிருக்கு ஆபத்து.

● நடுவழியில் ஏ.டி. எண்ணெய் விளக்கு எரிந்தால் உடனே என்ன செய்யவேண்டும்?
*டிராவல்ஸ் ஓட்டுநர், பொள்ளாச்சி*

தம்பி, வால்பாறையின் 40 வளைவுகளில் ஓட்டுகிறவர் நீங்கள். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஓரம் கட்டு. பார்க்கிங்கில் போடு. ஹேண்ட்பிரேக் இழு. ஏ.சி.யை அணை. இன்ஜினை மட்டும் அணைக்காதே. இன்ஜின் ஓடினால்தான் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் எண்ணெய் கூலருக்குப் போய்க் குளிர்ந்து திரும்பும். விளக்கு அணைந்த பிறகும் கொஞ்சம் பொறுத்து, மெதுவாகக் கிளம்புங்கள். இன்ஜின் முள்ளும் சிவப்பைத் தொட்டிருந்தால் மட்டும் இன்ஜினையும் நிறுத்த வேண்டும். எக்காரணம் கொண்டும் பாக்ஸின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

● நின்றுபோன ஆட்டோமேட்டிக்கைக் கயிறு கட்டி இழுக்கலாமா?
*லாரி உரிமையாளர், நாமக்கல்*

கூடாது. இன்ஜின் நின்றால் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். முன்சக்கரங்கள் தரையில் உருள உருள, பாக்ஸின் உள்பாகங்கள் எண்ணெய் இல்லாமல் சுற்றித் தேயும். தட்டையான ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள், இல்லையென்றால் இயங்கும் சக்கரங்களையாவது தூக்கிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காத காரியம்.

● பாக்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். சொல்லும் தொகை காரின் விலையையே எட்டுகிறது. ஏற்பதா, காரை விற்பதா?
*விசைத்தறி உரிமையாளர், ஈரோடு*

முதலில், 'போய்விட்டது' என்ற தீர்ப்புக்கு முன் விசாரணை நடந்ததா என்று கேளுங்கள். வரிசை இதுதான்: ஸ்கேன் செய்து கோடுகளைக் குறித்துக்கொள்வது. எண்ணெயின் அளவும் நிறமும். கூலர், ரேடியேட்டர், விசிறி. ஒயர் இணைப்புகள், சோலினாய்டுகள். பிறகு அழுத்தமானி மாட்டி எண்ணெய் அழுத்தம். இத்தனையும் பாக்ஸைக் கழற்றாமலே பார்க்கலாம். பி0740 போன்ற லாக்-அப் கோடு ஒன்றே ஒன்று இருந்தால், பல நேரம் ஒரு சோலினாய்டோ துருப்பிடித்த இணைப்போதான் குற்றவாளி. வண்டி மூன்றாவது கியரிலேயே பிடிவாதமாக நின்றால், அது தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலையாகவும் இருக்கலாம்.

அடுத்து, அடித்தட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். தட்டுக்குள் ஒரு சிறு காந்தம் இருக்கும். அதன்மேல் கண்மை போல மிருதுவான சாம்பல் பசை படிந்திருந்தால் இயல்பான தேய்மானம். விரலால் தேய்த்துப் பாருங்கள். ஊசிமுனை போல உலோகச் சில்லுகள் குத்தினாலோ, தட்டின் அடியில் கறுப்புச் செதில்கள் காபித்தூள் போலக் குவிந்திருந்தாலோதான் பாக்ஸைத் திறக்க நேரம் வந்தது.

திறந்தால் முழுமையாகச் செய்ய வேண்டும். சீல் செட், உராய்வு ப்ளேட்டுகள், வால்வ் பாடி சுத்தம், கன்வெர்ட்டரை வெட்டிப் புதுப்பிப்பது அல்லது மாற்றுவது. கூலரையும் மறக்காதீர்கள். பழைய கூலரில் தங்கிய துகள்கள் புதுப்பித்த பாக்ஸுக்குள் திரும்பிப் போனால் செலவழித்தது அத்தனையும் வீண். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் தேடுவதும் ஒரு வழி. ஒரே பெயர் கொண்ட காரிலும் பாக்ஸ் எண் மாறும். உங்கள் பாக்ஸின் தகட்டில் இருக்கும் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். வாங்கும் முன் அதன் எண்ணெயை முகர்ந்து பாருங்கள்.

விற்பதா என்பதற்கு என் பதில்: இன்ஜினும் பாடியும் நன்றாக இருந்து, இன்னும் ஐந்து வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பழுது பாருங்கள். பாடியில் துரு, இன்ஜினிலும் புகை என்றால் விற்றுவிடுங்கள். எப்படியானாலும் வாங்குகிறவரிடம் குறையைச் சொல்லி விற்க வேண்டும்.

● அப்பா வாங்கிய கார். அவர் இல்லை. இதை இன்னும் எத்தனை வருடம் காப்பாற்ற முடியும்?
*ஆராய்ச்சி மாணவி, புதுச்சேரி*

நீங்கள் கவனிக்கும் வரை, அம்மா. நல்ல ஆட்டோமேட்டிக் பாக்ஸ் 2,00,000 கி.மீ. தாண்டியும் ஓடும். வயது அதைக் கொல்வதில்லை, சூடுதான் கொல்கிறது. சூட்டை அடக்க வேண்டியதெல்லாம் சரியான எண்ணெய், அடைப்பில்லாத கூலர், அவசரப்படாத கால். மலைக்குப் போவதாக இருந்தால் ஏ.சி. கண்டன்சருக்கு முன்னால் கூடுதலாக ஒரு கூலர் மாட்டிக்கொள்ளுங்கள், பழைய வண்டிக்கு அதைவிட நல்ல பரிசு இல்லை. அப்பா சர்வீஸ் புத்தகம் வைத்திருந்தால் அதில் கியர் எண்ணெய் மாற்றிய கடைசித் தேதியைத் தேடுங்கள். இல்லையென்றால், இந்த வாரமே மாற்றி முதல் தேதியை நீங்கள் எழுதுங்கள்.

வாசகர்களே, உங்கள் எல்லோருக்கும் இதே வேண்டுகோள்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வெள்ளைத் துணியோடு காரிடம் போங்கள். கியர் எண்ணெய் ஒரு சொட்டு. அது சிவப்பா, கறுப்பா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.